பதினொரு கிலோமீட்டர்

2022 நவம்பர் கடைசி வாரத்தில் ஒரு காலை, பைக்கில் அலுவலகம் போகும் வழியில் ஒரு மனிதரை இடித்துக் கீழே தள்ளினேன். பல்லாவரம் – துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டில், சாலை பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குள் நுழைவதற்குக் கொஞ்சம் முன்னால். இரவு முழுக்கப் பெய்த மழை அப்போதுதான் தூறலாகியிருந்தது. அவர் சைக்கிளில் எதிரே வந்தார். அதாவது என் பக்கத்தில், சாலையின் இடது ஓரமாக, ராங் சைடில். அன்று மாலை வரை கேட்டவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். "ராங் சைடுல வந்துட்டாரு."

சொல்லாமல் விட்டது இது: என் ஹெல்மெட்டுக்குள் இயர்ஃபோன் இருந்தது. அதில் ஏழரை மணி மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தது. கலிஃபோர்னியாவில் அப்போது முந்தைய நாள் மாலை ஆறு. எங்கள் சர்வர் ஒன்று நேற்றிரவு ஏன் இரண்டு முறை விழுந்தது என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். மைக் மியூட்டில் இல்லை. நான் தார்ச்சாலையிலிருந்து எழுந்து உட்கார்ந்தபோது காதில் மேனேஜரின் குரல் நிதானமாகக் கேட்டது. "உங்க வாய்ஸ் விட்டு விட்டு வருது. நெட்வொர்க் செக் பண்ணுங்க."

அவருக்கு அறுபது வயதிருக்கும். நீலச் சட்டை, தோளில் செக்யூரிட்டி பட்டை. முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. சைக்கிளின் முன்சக்கரம் எட்டு போட்டுக் கிடந்தது. ஹேண்டில் பாரில் மாட்டியிருந்த டிபன் டப்பா திறந்து, புளிச்சாதம் ஈரத் தரையில் சிதறியிருந்தது. நான் ஓடிப்போய்த் தூக்கினேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு "ராங் சைடு" என்று ஆரம்பித்திருப்பேன். அவர் கேட்டது வேறு.

"மணி என்ன சார்?"

ஏழு நாற்பத்திரண்டு. எட்டுக்கு அவருக்கு ஷிஃப்ட். எட்டேகாலைத் தாண்டினால் அரைநாள் சம்பளம் போய்விடும். இரவு வேலை பார்த்தவர் இவர் வரும்வரை போக முடியாமல் நிற்பார். ஆஸ்பத்திரி என்ற வார்த்தையை நான் எடுத்தபோதெல்லாம் அவர் "அதெல்லாம் வேணாம் சார், டைம் ஆவுது" என்றார். சைக்கிளை இளநீர்க் கடைக்காரர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு அவரைப் பைக்கில் ஏற்றிக்கொண்டேன். அவர் வேலை பார்க்கும் கட்டடம் எனக்குப் பின்னால், அதே பக்கத்தில், நானூறு மீட்டரில் இருந்தது. முறைப்படி போக வேண்டுமென்றால் முன்னால் போய், யூ டர்ன் எடுத்து, எதிர்ப்பக்கமாகக் கட்டடத்தைத் தாண்டிப் போய், அங்கே இன்னொரு யூ டர்ன். நான் பைக்கை அங்கேயே திருப்பினேன். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு, ஓரமாக, ராங் சைடில்.

"இப்பிடித்தான் சார் டெய்லி வர்றது" என்றார் பின்னாலிருந்து. "சைக்கிள்காரன் ரூல்ஸ்படி வந்தா ரெண்டு கிலோமீட்டர் சேர்த்து மிதிக்கணும். அந்தக் கட்டைய வெச்சவங்க சைக்கிள்ல வர்றவங்க இல்ல."

மாலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ச் சரிசெய்து கொடுத்தேன். ரிம், ஸ்போக்ஸ், ஃபோர்க்கை நிமிர்த்திய கூலி எல்லாம் சேர்த்து எண்ணூற்றைம்பது ரூபாய். அன்று மதியம் நான் வாங்கிச் சாப்பிட்ட பிரியாணியும் டெலிவரி கட்டணமும் அதில் பாதிக்கு வந்திருந்தது. கணக்கு அதுவாக வந்து மனதில் உட்கார்ந்துகொண்டது, நான் போடவில்லை.

மறுநாள் பைக்கை எடுக்க முடியவில்லை. பைக்குக்கு ஒன்றும் ஆகவில்லை, இண்டிகேட்டர் ஒன்று உடைந்ததோடு சரி. எனக்குத்தான் கை நடுங்கியது.

*

என் வீடு கீழ்க்கட்டளை. அலுவலகம் காரப்பாக்கம். ரேடியல் ரோட்டில் எட்டு, ஓ.எம்.ஆரில் மூன்று, ஆக பதினொரு கிலோமீட்டர். இந்தத் தூரத்தை எப்படியெல்லாம் கடக்கலாம் என்பதுதான் அடுத்த சில மாதங்களுக்கு என் ஆராய்ச்சியாக இருந்தது. பஸ் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறது. அதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் கூச்சமும் இருக்கிறது. என் அப்பா பஸ் கண்டக்டர்.

1984-ல் பல்லவனில் சேர்ந்தார். 2015-ல் ஓய்வு. நடுவில் பெயர்ப் பலகையும் சட்டை நிறமும் மாறின, தோல் பை மாறவில்லை. நான் பொறியியல் படித்தது அந்தப் பையிலிருந்து. 2011-ல் முதல் வேலையில் மூன்றாவது மாதச் சம்பளத்தை முன்பணமாகக் கட்டிப் பைக் வாங்கி வீட்டுக்கு ஓட்டி வந்தபோது, அம்மா ஆரத்தி எடுத்தார். அப்பா வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஒரு டிக்கெட் போச்சு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் அதை நான் மறக்கவில்லை என்பதைப் பார்த்தால் முழுச் சிரிப்பாக இருந்திருக்காது.

சென்னை பஸ்களைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு ஆச்சரியம் உண்டு. இங்கே கண்டக்டர் எழுந்து வர மாட்டார். பின்படிக்கட்டுக்குப் பக்கத்தில் தன் சீட்டில் உட்கார்ந்திருப்பார். காசு கைமாறி கைமாறி அவரிடம் போகும், டிக்கெட்டும் சில்லறையும் அதே வழியில் திரும்பி வரும். மதுரையிலிருந்து வந்த என் கல்லூரி நண்பன் இதைச் சோம்பேறித்தனம் என்பான். ஒருமுறை வீட்டுக்கு வந்தவன் அப்பாவிடமே கேட்டுவிட்டான். அப்பா கோபப்படவில்லை. "நான் எழுந்து வந்தா அது என் வேலை. நான் உக்காந்திருந்தா பஸ்ஸே வேலை செய்யும் தம்பி. முன்னாடி நிக்கிறவன் நூறு ரூவா தர்றான். எட்டு கை மாறி எங்கிட்ட வருது. தொண்ணூறு ரூவா மிச்சம் அதே எட்டு கை மாறிப் போவுது. முப்பத்தோரு வருஷத்துல ஒருத்தன் அதை நடுவுல எடுத்துக்கிட்டான்னு கேஸ் வந்ததில்ல" என்றார்.

அப்பேர்ப்பட்டவரின் மகன் பத்து வருடமாகப் பஸ் ஏறவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். என் வழிக்கு நேர் பஸ் கிடைப்பது அரிது, நடுவில் மாற வேண்டும், மாறும் இடத்தில் எவ்வளவு நேரம் நிற்போம் என்று தெரியாது.

இந்தத் தெரியாமைக்குப் பின்னால் அழகான கணக்கு ஒன்று இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ், கடிகாரம் போல வருகிறது என்றால், எப்போதாவது நிறுத்தத்துக்கு வரும் ஒருவர் சராசரியாக ஐந்து நிமிடம் காத்திருப்பார். அதே எண்ணிக்கையில் பஸ்கள், ஆனால் தாறுமாறான இடைவெளியில் வந்தால்? மணிக்கு ஆறு பஸ் என்பது மாறவில்லை. ஆனால் சராசரிக் காத்திருப்பு பத்து நிமிடம் வரை போய்விடும். ஏனென்றால் நாம் போய் நிற்கும் கணம் சின்ன இடைவெளியில் விழுவதைவிடப் பெரிய இடைவெளியில் விழுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். புள்ளியியலில் இதைக் காத்திருப்பு முரண் என்பார்கள். எங்கள் சர்வர்களிலும் இதே பிரச்சினை உண்டு. சராசரி வேகம் நன்றாக இருக்கும், பயனர் திட்டிக்கொண்டே இருப்பார்.

இதைக் கண்டுபிடித்த உற்சாகத்தில் அப்பாவிடம் விளக்கினேன். அவர் கால்களுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"அதுக்கு எதுக்குடா இவ்ளோ பேப்பர். முன்னாடி போற வண்டி சிக்னல்ல ரெண்டு நிமிஷம் மாட்டிக்கிச்சுன்னு வை. அடுத்த ஸ்டாப்புல ரெண்டு நிமிஷத்துக் கூட்டம் சேர்ந்திருக்கும். அத்தனை பேரையும் ஏத்த இன்னும் ஒரு நிமிஷம். அதுக்கடுத்த ஸ்டாப்புல இன்னும் கூட்டம். பின்னாடி வர்றவனுக்கு ஆளே இருக்காது, அவன் காலியா வேகமா வந்து இவன் முதுகுல ஒட்டிக்குவான். அப்புறம் ரெண்டு வண்டியும் ஜோடி போட்டு வரும். ஜனம் என்னமோ நாங்க டீ குடிச்சிட்டு ஒண்ணா கெளம்பி வர்றோம்னு நெனச்சித் திட்டும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "டீயும் குடிப்போம், அது வேற" என்றார்.

*

முதலில் கம்பெனி கேப். எங்கள் அலுவலகத்தில் இரவு பத்துக்கு மேல் முடிப்பவர்களுக்கும் அதிகாலை ஷிஃப்ட்டுக்கும்தான் கேப். ஒரு மாதம் அதிகாலை ஷிஃப்ட்டை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். நான்கு பேரை அவரவர் வீட்டில் போய் எடுக்க வேண்டும். என் பதினொரு கிலோமீட்டர் மடிப்பாக்கம், வேளச்சேரி எல்லாம் சுற்றி இருபத்து நான்கானது. உள்ளே நான்கு பேரும் நான்கு காதுகளில் நான்கு பாட்டுகள். ஒரு மாதத்தில் சக பயணி ஒருவரின் பெயரை மட்டும் தெரிந்துகொண்டேன், அதுவும் டிரைவரின் மொபைல் ஆப் சத்தமாக வாசித்ததால்.

ஆப்பில் ஆட்டோ, பைக் டாக்சி. இதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மழை வந்தால் விலை ஏறும், மழைக்குத்தான் அது தேவைப்படும். பைக் டாக்சியின் பின்சீட்டில் இருபது வயதுப் பையன் ஒருவனின் முதுகைப் பிடித்துக்கொண்டு போனபோது, அவன் ஹெல்மெட்டுக்குள்ளும் இயர்ஃபோன் இருப்பதைப் பார்த்தேன். "தம்பி, அதைக் கழட்டிடேன்" என்றேன். "ரூட் சொல்லும்ணா அது" என்றான். எனக்கு மேலே பேச வாய் வரவில்லை.

பிறகு ஷேர் ஆட்டோ.

பல்லாவரத்திலிருந்து துரைப்பாக்கத்துக்கு ஓடும் அந்த மேஜிக் வண்டிகளை அதுவரை ஹாரன் அடித்துத் திட்டுவதற்காக மட்டுமே கவனித்திருந்தேன். கை நீட்டினால் எங்கே வேண்டுமானாலும் நிற்கும். பின்னால் வருபவன் கதி அதோகதி. ஆனால் உள்ளே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது, அது எங்கே வேண்டுமானாலும் நிற்பதுதான் அதன் முழு அர்த்தமும். ஏறும் இடம் நாம் நிற்கும் இடம், இறங்கும் இடம் நாம் சொல்லும் இடம். சட்டப்படி வழிநெடுக ஆள் ஏற்றி இறக்கும் உரிமம் இல்லாமலேயே இப்படிப் பல வண்டிகள் இந்த நகரத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. பஸ் போகாத சந்துக்கும் பஸ் வராத நேரத்துக்கும் யாரோ ஒருவர் தன் கடனில் வாங்கிய வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். அதைக் கள்ளத்தனம் என்பதா பொதுச்சேவை என்பதா என்று எனக்கு இன்றைக்கும் முடிவாகவில்லை. அப்பாவுக்கு முடிவாகியிருந்தது. "ஸ்டாப்புல நிக்கிற ஜனத்தை நமக்கு முன்னாடி வந்து அள்ளிக்கிட்டுப் போறவன். நம்ம கலெக்‌ஷன்ல பொழைக்கிறவன்." ஓய்வு பெற்ற பிறகும் அவர் ஷேர் ஆட்டோவில் கால் வைத்ததில்லை.

ஏழு பேர் உட்காரும் இடத்தில் பத்துப் பேர். முதல் வாரம் என் லேப்டாப் பையை மடியில் வைத்து அதன் மேல் இன்னொருவரின் காய்கறிப் பையையும் வைத்துக்கொண்டு போனேன். காலை ஏழரைக்குக் கிழக்கே போகும் வண்டியில் பெரும்பாலும் ஹவுஸ்கீப்பிங் பெண்கள். ஓ.எம்.ஆரின் கண்ணாடிக் கட்டடங்களைத் துடைப்பவர்கள். மாலையில் எதிர்த்திசையில் வேறு கூட்டம். துரைப்பாக்கத்தில் ஏறி, ரேடியல் ரோட்டுப் பக்க அடுக்குமாடிகளில் சமையல் வேலைக்குப் போகிறவர்கள். அவர்களில் ஒரு அக்கா கண்ணகி நகரில் இருக்கிறார். நகரத்துக்குள் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களை 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து கொண்டுவந்து குடிவைத்த இடம். சிந்தாதிரிப்பேட்டையில் ஆற்றோரம் இருந்தவரைக்கும் வேலை செய்த வீடுகளுக்கு நடந்தே போய் வந்திருக்கிறார். "அங்க இருந்தவரைக்கும் பஸ்ஸுன்னா தீபாவளிக்கு தி.நகர் போறதுதான் தம்பி. இங்க தூக்கிப் போட்ட அப்புறம் பொழுதுக்கும் வண்டிதான்" என்றார். நாம் பேசும் மாற்று வழிகள் எல்லாம் இருக்கும் தூரத்தை எப்படிக் கடப்பது என்பதைப் பற்றியவை. அவருக்கு இல்லாமலிருந்த தூரத்தை உண்டாக்கிக் கொடுத்திருந்தார்கள்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அந்த அக்கா நேரம் இருந்தால் பஸ், தாமதமானால் ஷேர் ஆட்டோ. "லேட்டுக்குத்தான் சார் இப்ப லேடீஸ் வர்றாங்க. எங்க பொழப்பே அவங்க லேட்டாவறதுலதான் ஓடுது" என்றார் டிரைவர். எனக்கு அது நியாயமான வியாபாரமாகவே பட்டது. நானும் லேட்டுக்காகத்தான் மாதா மாதம் பெட்ரோலுக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

*

மார்ச் மாதம் ஒரு சைக்கிள் வாங்கினேன். கியர் வைத்தது, ஆனால் விலையுயர்ந்த ரகம் அல்ல. ஹெல்மெட், பின்னால் சிவப்பு விளக்கு, மாற்றுச் சட்டை. மார்ச்சில் சென்னையில் சைக்கிள் வாங்குபவன் எவ்வளவு யோசிப்பவன் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

காலை ஆறேகாலுக்குக் கிளம்பினால் ஏழுக்கு அலுவலகம். நாற்பத்தைந்து நிமிடம். பைக்கில் எட்டரைக்குக் கிளம்பினாலும் அதே நாற்பத்தைந்து, சில நாள் ஐம்பது. முதல் நாள் நேரத்தைப் பார்த்துவிட்டு வாட்ச் பழுதோ என்று நினைத்தேன். ஆறு சிலிண்டர் கார்களும் நூற்றைம்பது சிசி பைக்குகளும் ஓடும் சாலையில், நெரிசல் நேரத்தின் வேகம் ஒரு தொப்பை விழுந்த முப்பத்து நான்கு வயதுக்காரனின் மிதி வேகம்தான்.

அந்தச் சாலையில் ஒரு ஒன்றரை கிலோமீட்டர் இருக்கிறது. இரண்டு பக்கமும் சதுப்பு நிலம். பள்ளிக்கரணை 2022-ல்தான் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பதினொரு வருடம் அதன் நடுவே பைக்கில் போய்வந்த எனக்கு அதுவரை தெரிந்தது பெருங்குடிக் குப்பைமேட்டு நாற்றம் மட்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை முறுக்கும் இடம். சைக்கிளில் மூச்சைப் பிடிக்க முடியாது. இழுத்து இழுத்து விட்டாக வேண்டும். நாற்றம் இரண்டு வாரத்தில் பழகிவிட்டது, பிறகு கண் திறந்தது. தாழைக்கோழிகள் நீலமாக, சிவந்த நெற்றியோடு, குப்பை பிளாஸ்டிக்கின் மேலேயே கால் வைத்து நடக்கும். குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து தொலைவில் வெளிறிய கோடாக நிற்கும். ஒருநாள் கூழைக்கடா ஒன்று மின்கம்பிக்கு மேலே அவ்வளவு மெதுவாகக் கடந்து போனது, நான் நிறுத்திவிட்டேன். பின்னால் வந்த லாரிக்காரர் நல்ல தமிழில் திட்டினார்.

சைக்கிளில் போகிறவர்கள் நிறைய இருந்தார்கள். அதுவும் எனக்குப் புதுச் செய்தி. கட்டட வேலைக்குப் போகும் வடமாநிலத் தொழிலாளிகள் இரண்டிரண்டு பேராக ஒரே சைக்கிளில். செக்யூரிட்டிகள். பேப்பர், பால் போட்டுவிட்டுத் திரும்புபவர்கள். இவர்கள் யாரும் ஹெல்மெட் போடவில்லை, சிவப்பு விளக்கு வைக்கவில்லை, சுற்றுச்சூழல் என்று சொல்லவில்லை. எனக்கு சைக்கிள் ஒரு முடிவு. அவர்களுக்கு வேறு வழியில்லை. அலுவலகத்தில் என்னை ஃபிட்னெஸ் ஆள் என்று பாராட்டினார்கள். வாசலில் இருந்த காவலர் மட்டும் உள்ளே விடவில்லை. "பார்க்கிங் ஸ்டிக்கர் கார், டூவீலருக்குத்தான் சார். சைக்கிளுக்கு லிஸ்ட்லயே இல்ல." பதினோராயிரம் பேர் வேலை செய்யக்கூடிய வளாகம் அது. அங்கே சைக்கிளில் வருபவர்கள் எல்லோரும் அதை வெளியே டீக்கடை ஓரத்தில் நிறுத்திவிட்டு வந்து, உள்ளே நுழைந்து, கதவு திறந்துவிடுபவர்கள். இரண்டு வாரம் மின்னஞ்சல் போக்குவரத்துக்குப் பிறகு ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் எனக்கு இடம் கிடைத்தது. காவலரிடம் "நீங்களும் இங்கயே விடுங்க" என்றேன். அவர் விட்டார். ஒரு மாதத்தில் ஒன்பது சைக்கிள்கள் ஆயின. என் உத்தியோக வாழ்க்கையில் நான் செய்த ஒரே உருப்படியான சிஸ்டம் டிசைன்.

நான் இடித்தவரை அந்த நாட்களில் அடிக்கடி பார்த்தேன். அதே இடம், அதே ராங் சைடு. தூரத்திலேயே மணியடிப்பார். எனக்கும் இப்போது மணி இருந்தது. ஒருநாள் நிறுத்தி என் சைக்கிளின் கியரைத் தொட்டுப் பார்த்தார். "எத்தினி சார்?" விலையைப் பாதியாகச் சொன்னேன். அதற்கே "யம்மா" என்றார். முழங்கைத் தழும்பைக் காட்டி, "மழைக்கு மட்டும் லேசா குத்தும்" என்றார். குற்றம் சொல்லும் குரலில்லை. வானிலை சொல்லும் குரல்.

*

நெரிசலைப் பற்றி ஆராய்ந்தவர்களிடையே டௌன்ஸ் – தாம்சன் முரண் என்று ஒன்று உண்டு. அந்தோணி டௌன்ஸ் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1962-ல் நெரிசல் நேரச் சாலைகளைப் பற்றி எழுதினார், தாம்சன் என்ற ஆங்கிலேயர் பின்னால் அதை வளர்த்தார். சுருக்கமாக இப்படி: தனி வாகனங்களின் வேகம், கடைசியில், அதே பயணத்துக்குப் பொதுப் போக்குவரத்து எடுக்கும் நேரத்தோடு போய்ச் சமமாகி நிற்கும். ரயில் மெதுவானால் ஆட்கள் காருக்கு மாறுவார்கள், சாலை நிரம்பும், கார் ரயிலளவுக்கு மெதுவாகும் வரை மாறிக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் யோசித்தது தனிப் பாதையில் ஓடும் ரயிலை. நம் பஸ்ஸுக்குத் தனிப் பாதையும் இல்லை. நான் பைக்குக்கு மாறினால் என் பைக் பஸ்ஸுக்கு முன்னால்தான் நிற்கிறது. பஸ் இன்னும் மெதுவாகும், அதைப் பார்த்து இன்னொருவர் இறங்கி ஈ.எம்.ஐ. போடுவார்.

அறுபது பேர் ஒரு பஸ்ஸில் போனால் சாலையில் பன்னிரண்டு மீட்டர். அதே அறுபது பேர் ஆளுக்கொரு காரில் போனால், ஒட்டி ஒட்டி நிறுத்தினாலே இருநூற்று நாற்பது மீட்டர். இதை ஒரு தாளில் எழுதிப் பார்த்த அன்றுதான் 2011-ல் அப்பா சொன்ன "ஒரு டிக்கெட் போச்சு" எனக்குப் புரிந்தது. அவர் தன் கலெக்‌ஷனை மட்டும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் பஸ்ஸுக்கு மாறிவிட்டேன் என்று சொன்னால் பொய். மழையிலும் மே மாதத்திலும் சைக்கிள் முடியாது. ரிலீஸ் இருக்கும் வாரத்தில் பைக்கைத்தான் எடுக்கிறேன், காது வெறுமையாக. மற்ற நாட்களில் ஷேர் ஆட்டோ, கண்ணில் பட்டால் பஸ். மெட்ரோவின் இரண்டாம் கட்டத் தூண்கள் ஓ.எம்.ஆரில் வரிசையாக எழுந்து நிற்கின்றன, கீழ்க்கட்டளையிலும் ஒரு நிலையம் வர வேண்டும். அது வரும்போது என் வேலை எந்த ஊரில் இருக்கும் என்று தெரியாது.

*

போன வருடம் அப்பாவுக்கு முழங்கால் மிகவும் மோசமானது. முப்பத்தோரு வருடம் பஸ்ஸில் உட்கார்ந்தவருக்குப் படியேற முடியவில்லை. பழைய பஸ்களுக்கு முதல் படியே முழங்கால் உயரம். 2024-ல் தாழ்தளப் பஸ்கள் வந்தன என்று செய்தியில் பார்த்ததிலிருந்து அவருக்கு நம்பிக்கை. ஓய்வூதியர் பாஸைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நிறுத்தத்தில் நிற்பார். எங்கள் வழியில் தாழ்தளம் கண்ணில் படவில்லை. இரண்டு உயரமான பஸ்களை விட்டார். இரண்டிலும் கண்டக்டர் இவரைப் பார்த்துக் காத்திருந்தார், இவரே கையை ஆட்டி அனுப்பினார். "லேட்டாவும் அவனுக்கு. பின்னாடி வண்டி ஒட்டிக்கும்."

வாரம் இருமுறை பல்லாவரத்தில் பிசியோதெரபி. ஆப்பில் ஆட்டோ போட்டேன். நூற்றுப்பத்து ரூபாய் காட்டியது. எட்டிப் பார்த்துவிட்டு, "மூணு கிலோமீட்டருக்கா?" என்றார். அப்போது ஷேர் ஆட்டோ ஒன்று வந்து தானாக நின்றது. தரை தாழ்ந்திருந்தது. டிரைவர், "பெரியவரே, முன்னாடி வாங்க, சீட்டு இருக்கு" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். நான் பஸ் வரும் திசையைப் பார்த்தேன்.

ஏறிவிட்டார். டிரைவருக்குப் பின்சீட்டில், கதவோரம். பை மடியில் இருப்பதுபோல இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, நேராக. நான் கடைசி வரிசையில் இடுங்கி உட்கார்ந்தேன். வண்டி பெரிய ஏரியைப் பிளந்து போகும் சாலையில் வந்தபோது ஒரு கல்லூரிப் பெண் பின்னாலிருந்து ஐம்பது ரூபாயை நீட்டினாள். வாங்கிக் கொடுக்க வேண்டியவர் அப்பா. வாங்கினார். டிரைவரிடம் கொடுக்கவில்லை. "எங்க ஏறுனம்மா?" என்றார். "கோவிலம்பாக்கம் தாத்தா." டிரைவரிடம், "கோவிலம்பாக்கம் ஒண்ணு, எவ்ளோ?" "இருவது பெரியவரே." பக்கத்தில் இருந்தவர் சரியாக இருபது கொடுத்தார், இன்னொருவர் நூறு. மூன்றையும் விரலிடுக்கில் நீளவாக்கில் மடித்துச் செருகிக்கொண்டார். ஐம்பதை நூறுகாரருக்கு, இன்னொரு முப்பதை டிரைவரிடம் வாங்கிச் சேர்த்து. அந்தப் பெண்ணுக்கு முப்பது. எட்டுப் பேர், இரண்டு நிமிடம். டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். "பெரியவரே, டெய்லி வந்துடுங்க. பேட்டா தர்றேன்."

பல்லாவரத்தில் நான் கை கொடுக்க, மெதுவாக இறங்கினார். எங்களோடு இறங்கியவர்கள் நகரும் வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏறுபவர் யாருமில்லை என்று இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு வண்டியின் பக்கவாட்டுத் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டி, "ரைட்" என்றார்.

வண்டி நகரவில்லை. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"உங்க ரெண்டு பேர் காசு வரல பெரியவரே."